என் பயம்தான் அவருக்கு நோயைக் கொண்டுவந்ததா?

கேள்வி: என் கணவருக்கு 52 வயது. குடலில் புற்றுநோய் என்று ஆறு மாதத்துக்கு முன் தெரிந்தது. ஆபரேஷன் முடிந்து இப்போது கீமோ நடக்கிறது. தோழி அழைத்ததால் ஒரு மனசக்திப் பயிற்சி வகுப்புக்குப் போனேன். "மனத்திலிருந்துதான் ஜகமே தோன்றுகிறது என்று ரமணர் சொல்லியிருக்கிறார். வீட்டுக்குள் நோய் வந்திருக்கிறது என்றால், நீங்கள் இத்தனை நாள் எதை எண்ணிக்கொண்டிருந்தீர்கள் என்று பாருங்கள்" என்றார் வகுப்பு எடுத்தவர். என் மாமனாரும் இதே நோயில்தான் போனார். இவருக்கும் வந்துவிடுமோ என்று கல்யாணமான புதிதிலிருந்தே பயந்தவள் நான். இப்போது தினமும் காலையில் "என் கணவர் பூரண நலம்" என்று 108 முறை நோட்டில் எழுதுகிறேன். கெட்ட எண்ணம் வந்தால் கையில் போட்டிருக்கும் ரப்பர் பேண்டை இழுத்து அடித்துக்கொள்கிறேன். அவர் "வலிக்குது" என்றால், "அப்படிச் சொல்லாதீங்க, நல்லதே பேசுங்க" என்று தடுத்துவிடுகிறேன். இப்போதெல்லாம் அவர் வலியைப் பற்றிப் பேசுவதே இல்லை. என் எண்ணம்தான் அவருக்கு நோயாக வந்ததா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

பதில்: அன்புள்ள சகோதரி, இல்லை. உங்கள் எண்ணத்தால் அவருக்கு இந்த நோய் வரவில்லை. இதை முதலில் மனசில் வாங்கிக்கொண்டு, அந்த ரப்பர் பேண்டைக் கழற்றி வைத்துவிட்டு மீதியைப் படியுங்கள்.

உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. மாமனாருக்கு இதே நோய் என்கிறீர்கள். குடல் புற்றுநோய் சில குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக வருவது மருத்துவர்களுக்குத் தெரிந்த விஷயம். மாமனாரைப் பார்த்ததால்தான் உங்களுக்குப் பயம் வந்தது. நோய் முந்தி, பயம் பிந்தி. அதைத் திருப்பிப் போட்டு உங்கள் தலையில் ஏற்றிவிட்டார்கள். உங்களுக்குப் பிள்ளைகள் இருந்தால், அவர்கள் எந்த வயதில் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டு வையுங்கள். இத்தனை வருஷத்துப் பயத்துக்கு அப்படி ஒரு உபயோகமாவது இருக்கட்டும்.

சரி, ரமணருக்கு வருவோம். அவர் பெயரைச் சொல்லி உங்களை வதைத்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

1901-02 வாக்கில் சிவப்பிரகாசம் பிள்ளை என்ற ரெவின்யூ உத்தியோகஸ்தர் திருவண்ணாமலைக்குப் போய் ரமணரிடம் கேள்விகள் கேட்டார். ரமணர் அப்போது பேசுவதில்லை. பதில்களை எழுதிக் காட்டினார். 'நான் யார்?' என்று நாம் படிக்கிற சின்ன நூல் அப்படி வந்தது. சிலந்தி தன்னிடமிருந்து நூலை வெளியே நூற்று மறுபடியும் தன்னுள் இழுத்துக்கொள்வதுபோல, மனம் ஜகத்தைத் தோற்றுவித்துத் தன்னிடமே ஒடுக்கிக்கொள்கிறது என்று அதில் இருப்பது உண்மைதான். ஆனால் அங்கே மனம் என்று அவர் சொல்வது, நமக்கு வேண்டியதை வரவழைத்துக் கொடுக்கும் சக்தியை அல்ல. 'நான்' என்ற எண்ணம் முதலில் எழுகிறது, மற்ற எண்ணங்கள் அதன் பின்னால் வருகின்றன, அந்த 'நான்' எங்கிருந்து எழுகிறது என்று விசாரி என்பதுதான் அவர் காட்டும் வழி. நல்ல எண்ணத்தை எண்ணி நல்ல உலகத்தைச் செய்துகொள் என்று அந்த நூலில் எங்கேயும் இல்லை.

அதே நூலில் இன்னொரு இடம் இருக்கிறது. அதை வகுப்பில் சொல்லியிருக்க மாட்டார்கள். ரயில் எல்லாப் பாரத்தையும் சுமந்துகொண்டு போகிறது என்று தெரிந்தும், அதில் ஏறி உட்கார்ந்த நாம் நம்முடைய சிறிய மூட்டையை அதிலேயே போட்டுவிட்டுச் சுகமாக இராமல், தலையில் வைத்துக்கொண்டு ஏன் கஷ்டப்பட வேண்டும் என்று கேட்கிறார். சகோதரி, 108 முறை எழுதுவதும் கையில் அடித்துக்கொள்வதும் தலையில் வைத்திருக்கிற மூட்டைதான்.

அப்புறம், ரமணருக்கே புற்றுநோய் வந்தது. இடது முழங்கை அருகே ஒரு சிறு கட்டி. 1949-இல் ஒரே வருஷத்தில் நான்கு முறை அறுவை செய்தார்கள். ஒவ்வொரு முறையும் கட்டி திரும்ப வந்தது. 1950 ஏப்ரல் 14-ஆம் தேதி உடலை விட்டார். அவர் என்ன கெட்டதை எண்ணிவிட்டார்? எந்தப் பயம் அந்தக் கட்டியை இழுத்துவந்தது? இந்தக் கேள்விக்கு அந்த வகுப்பில் பதில் கிடைக்காது. உடம்பு உடம்பின் வழியில் போயிற்று. அவரிடம் வேறாக இருந்தது, அதை அவர் பார்த்த விதம். போய்விடுவாரே என்று அழுதவர்களிடம், "எங்கே போவேன்? இங்கேதான் இருக்கிறேன்" என்றார். டாக்டர்கள் வந்தபோது கையை நீட்டினார். சிகிச்சைக்குப் போவது அவநம்பிக்கை என்று யாராவது உங்களிடம் சொன்னால், இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

புத்தரும் மனத்தைப் பெரிதாகச் சொன்னவர்தான். எல்லாவற்றுக்கும் மனமே முன்னே செல்கிறது என்றுதான் தம்மபதம் தொடங்குகிறது. அவரிடம் மோளியசீவகன் என்ற துறவி வந்து, மனிதன் படுகிற இன்ப துன்பம் எல்லாமே முன்வினையால்தான் என்கிறார்களே என்று கேட்டான். புத்தர் எட்டுக் காரணங்களை எடுத்துச் சொன்னார்: பித்தம், கபம், வாயு, இவை மூன்றும் சேர்வது, பருவம் மாறுவது, உடம்பைச் சரியாகப் பேணாதது, அடிபடுவது, கடைசியாக வினைப்பயன். எல்லாம் வினைதான் என்று சொல்கிறவர்கள் உலகம் கண்ணால் கண்டதைத் தாண்டிப் பேசுகிறார்கள் என்று முடித்தார்.

'எண்ணிய எண்ணியாங்கு எய்துப' குறளையும் வகுப்பில் சொல்லியிருப்பார்கள். அது இருக்கும் அதிகாரம் வினைத்திட்பம். அமைச்சனுக்குச் சொன்னது. செயலில் உறுதி இருந்தால் நினைத்ததை முடிக்கலாம் என்பது அதன் பொருள். நோய்க்கு அதில் சம்பந்தம் இல்லை. நோயே தவறான நம்பிக்கைதான் என்ற பேச்சு 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் பினியாஸ் குவிம்பி என்ற கடிகாரம் செய்பவரிடமிருந்து கிளம்பிப் பரவியது. நம் ஊரில் அதற்கு ரமணர் படத்தை மாட்டி விற்கிறார்கள்.

அப்படியானால் மனம் எதையுமே செய்வதில்லையா? செய்கிறது, நிறையவே செய்கிறது. என் அம்மாவுக்கு உடம்புக்கு முடியாமல் போனபோது ஸ்கேன் அறைக்கு வெளியே பிளாஸ்டிக் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளேயிருந்து ஒரு நர்ஸ் வந்தார். என்னைப் பார்த்தார், முகத்தைச் சுளித்தார், ஒன்றும் சொல்லாமல் நடந்தார். எனக்கு வயிறு கலங்கிவிட்டது. அம்மாவுக்கு ஏதோ பெரிதாக இருக்கிறது என்று முடிவே கட்டிவிட்டேன். அண்ணனுக்குப் போன் செய்யக்கூட எடுத்துவிட்டேன். அந்த நர்ஸ் எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளங்காலைப் பிடித்துக்கொண்டார். காலில் ஆணி. அவர் சுளித்தது அதற்கு. அந்த ரெண்டு நிமிஷம் நான் வாழ்ந்த உலகம் முழுக்க என் மனம் கட்டியது. கயிற்றைப் பாம்பென்று பார்ப்பது என்று வேதாந்தத்தில் சொல்வார்களே, அது இதுதான். ஆனால் ஸ்கேனில் இருந்தது இருந்ததுதான். என் பயம் அதில் ஒரு புள்ளியைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

நம்பிக்கைக்கு உடம்பிலும் கொஞ்சம் வேலை உண்டு. வெறும் சர்க்கரை மாத்திரையை மருந்தென்று நம்பி விழுங்கினால் சிலருக்கு வலியும் குமட்டலும் குறைவதை மருத்துவமே ஒப்புக்கொள்கிறது. கட்டி அதனால் கரைவதில்லை. நீங்கள் பக்கத்தில் தைரியமாக உட்கார்ந்தால் அவருக்கு அன்றைய நாள் லேசாகப் போகும். பிரார்த்தனை உங்களுக்குத் தெம்பு தருமானால் தாராளமாகச் செய்யுங்கள், நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

எனக்குக் கவலையாக இருப்பது, உங்கள் கணவர் வாயை மூடிக்கொண்டது. அவருக்கு வலி போய்விடவில்லை. உங்களுக்காக அதை மறைக்கிறார். கீமோ நடக்கும்போது இது ஆபத்து. காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் இரவோ பகலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது. 'நல்லதே பேசணும்' என்று அவர் குளிரையும் நடுக்கத்தையும் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும்? வலிக்கு மாத்திரை இருக்கிறது, குமட்டலுக்கும் இருக்கிறது. சொன்னால்தானே டாக்டர் எழுதிக் கொடுப்பார்.

இன்று ராத்திரி அவர் சாப்பிட்டு முடித்ததும் பக்கத்தில் உட்கார்ந்து, "எங்கே வலிக்குதுங்க?" என்று கேளுங்கள். முதலில் ஒன்றுமில்லை என்பார். இன்னொரு முறை கேளுங்கள். நீங்களும் உங்கள் பயத்தை அவரிடம் சொல்லலாம். அவர் அப்பாவை இழந்த பிள்ளை, அந்தப் பயம் அவருக்கும் இருந்திருக்கும். அந்த நோட்டில் இன்னும் தாள் மிச்சமிருக்குமே. எந்த நாள், எத்தனை மணிக்கு, எங்கே வலி, காய்ச்சல் எவ்வளவு, என்ன சாப்பிட்டார் என்று இனிமேல் அதில் எழுதுங்கள். அடுத்த கீமோவுக்குப் போகும்போது நோட்டையும் கையில் எடுத்துப் போய் டாக்டரிடம் காட்டுங்கள்.