சர்க்கரை நோயும் ஊக்கப்பரிசும்: கேள்வி பதில்

கேள்வி: பரிசுப்பணம் அறிவித்தால் நோயாளிகளின் சர்க்கரை குறையும் என்பதற்குச் சான்று உண்டா?

பதில்: ஓரளவு உண்டு. ஆனால் நாம் நினைக்கும் அளவுக்கு இல்லை. அமெரிக்காவின் பிலடெல்பியாவில், முன்னாள் படைவீரர்களான கறுப்பின நோயாளிகள் 118 பேரிடம் நடத்திய ஆய்வொன்று 2012இல் வெளியானது. அதில் ஒரு பிரிவினருக்கு, ஆறு மாதத்தில் எச்பிஏ1சி (இரத்தச் சர்க்கரையின் சில மாதச் சராசரியைச் சதவீதத்தில் காட்டும் சோதனை) அளவை 1 சதவீதப் புள்ளி குறைத்தால் 100 டாலரும் 2 சதவீதப் புள்ளி குறைத்தால் 200 டாலரும் தருவதாக அறிவித்தார்கள். அவர்களுடைய சராசரி 9.5இலிருந்து 9.1க்குத்தான் இறங்கியது. இன்னொரு பிரிவினருக்குப் பரிசு ஏதும் இல்லை. தன் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்திருந்த சக நோயாளி ஒருவர் அவர்களோடு வாரந்தோறும் பேச ஏற்பாடு செய்தார்கள். அவர்களுடைய சராசரி 9.8இலிருந்து 8.7க்கு வந்தது. இந்த விஷயத்தில் என் எண்ணத்தையே மாற்றிய ஆய்வு இது.

கேள்வி: அப்படியானால் பரிசே வேண்டாம் என்கிறீர்களா?

பதில்: இல்லை, எதற்குப் பரிசு தருகிறோம் என்பதை மாற்றுங்கள் என்கிறேன். எச்பிஏ1சி என்பது ஏறத்தாழ மூன்று மாதச் சராசரி என்பதால், இன்று காலை நடந்தவர் அதன் பலனை அந்த எண்ணில் காணப் பல வாரங்கள் காத்திருக்க வேண்டும். அவ்வளவு தொலைவில் இருக்கும் பரிசு இன்றைய சோம்பலை வெல்லாது. நடந்த நடைக்கும், வேளை தவறாமல் போட்ட மாத்திரைக்கும் அன்றன்றே சிறிதாகத் தருவது மேல். இன்சுலின் போடுபவருக்குச் சர்க்கரை அளவை வைத்துப் பரிசு தருவதை நான் அறவே ஏற்கமாட்டேன், ஏனெனில் பரிசுக்காக அவர் உணவைத் தவிர்த்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடலாம்.

கேள்வி: அப்பா நடந்தால் நாள்தோறும் ஒரு சிறு தொகை தருகிறோம். நிறுத்திவிட்டால் என்ன ஆகும்?

பதில்: நடையும் நின்றுபோக வாய்ப்புண்டு. சிங்கப்பூரில் 800 ஊழியர்களிடம் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், ஆறு மாதம் பணம் பெற்றவர்கள் கூடுதலாகவே நடந்தார்கள். பணம் நின்று ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது பழைய நிலைக்குத் திரும்பியிருந்தார்கள். அவர்கள் சர்க்கரை நோயாளிகள் என்று தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்லர்; என்றாலும் பாடம் பொருந்தும். ஆகவே பணம் தரும் மாதங்களிலேயே அப்பாவுக்கு நடைத்துணை ஒருவரையும் மாறாத நேரம் ஒன்றையும் அமைத்துக் கொடுங்கள்.

கேள்வி: எனக்குப் பாதம் மரத்துப்போகிறது. அலுவலகத்தில் தினம் 10,000 காலடி நடந்தால் பரிசு என்கிறார்கள். சேரலாமா?

பதில்: முதலில் மருத்துவரிடம் பாதத்தைக் காட்டுங்கள். உணர்ச்சி குறைந்த காலில் கொப்புளம் வந்தாலும் வலிக்காது, புண்ணான பிறகுதான் தெரியும். நாற்காலியில் அமர்ந்து செய்யும் பயிற்சியையும் கணக்கில் சேர்க்கும்படி அலுவலகத்தில் கேளுங்கள். கேட்பதற்குத் தயங்க வேண்டாம்.