சட்ட ஆலோசனை: அதிகாரிகள் வந்தால் கிச்சனுக்குள் விடவேண்டுமா?

கேள்வி: நானும் என் கணவரும் அமெரிக்காவில், நியூ ஜெர்சியில் ஒரு சின்ன சைவ உணவகம் நடத்துகிறோம். இருவருக்கும் க்ரீன் கார்டு இருக்கிறது. பதினோரு பேர் வேலை செய்கிறார்கள். போன மாதம் பக்கத்தில் ஒரு கிடங்கில் ஐஸ் எனப்படும் குடியேற்ற அமலாக்க அதிகாரிகள் புகுந்து சிலரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். மறுநாளிலிருந்து எங்கள் சமையல்காரர்கள் இருவர் வரவில்லை, போனும் எடுப்பதில்லை. அவர்களுடைய ஒரு வாரச் சம்பளம் என்னிடமே இருக்கிறது. வியாபாரம் பாதியாகிவிட்டது. ஆளை வேலைக்கு எடுக்கும்போது அவருக்கு வேலை செய்ய அனுமதி உண்டா என்று ஆவணம் பார்த்து நிரப்பும் ஐ-9 படிவங்கள் ஓர் அட்டைப்பெட்டியில் கிடக்கின்றன. சிலவற்றில் கையெழுத்தே இல்லை. "சந்தேகப்படும்படி இருப்பவர்களை நிறுத்திவிடுவோம். நாம் வரிசையில் நின்று முறைப்படி வந்தவர்கள், நமக்கு எதற்கு வம்பு?" என்கிறார் கணவர். பாத்திரம் கழுவும் பெண் குவாத்தமாலாக்காரர். அவரிடம் பேப்பர் சரியாக இல்லை என்று நினைக்கிறேன். மகள் இங்கே பிறந்தவள், மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள். "என்னைப் பிடித்துக்கொண்டு போனால் இவளை நீங்கள் வைத்துக்கொள்வீர்களா?" என்று கேட்டார். நான் என்ன சொல்வது? அதிகாரிகள் வந்தால் கிச்சனுக்குள் விடவேண்டுமா? நஷ்டத்துக்கு யாரிடமாவது ஈடு கேட்க முடியுமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் ஊர்ப் பெயரையும் கடைப் பெயரையும் நீக்கிவிட்டேன். கேள்வி-பதில் பகுதிக்கு எழுதும் கடிதத்துக்கு வக்கீல்-கட்சிக்காரர் ரகசியம் என்ற பாதுகாப்பு கிடையாது. இதற்கு மேல் விவரம் இருந்தால் உங்கள் வக்கீலின் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய சொல் "நினைக்கிறேன்". வேலை செய்ய அனுமதி இல்லாதவர் என்று தெரிந்தே ஒருவரை வைத்திருப்பதைத்தான் 1986-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் தண்டிக்கிறது. தெரிந்துகொள்ள வேண்டிய அறிகுறிகள் இருந்தும் கண்ணை மூடிக்கொண்டால் அதையும் தெரிந்த கணக்கில்தான் சேர்ப்பார்கள். ஆனால் முகத்தையும் பேச்சின் சாயலையும் வைத்து அப்படி முடிவு கட்டக் கூடாது என்று விதியே சொல்கிறது. அவர் குவாத்தமாலாக்காரர், ஸ்பானிஷ் பேசுகிறார் என்பதுதான் உங்கள் சந்தேகத்துக்கு மொத்த ஆதாரம் என்றால், உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்றே பொருள். வேலைக்குச் சேர்ந்த அன்று அவர் காட்டிய ஆவணங்கள் பார்வைக்கு உண்மையாகத் தெரிந்தனவா, படிவத்தை ஒழுங்காக நிரப்பினீர்களா என்பதுதான் கேள்வி. அவரே வாய் திறந்து "எனக்கு அனுமதி இல்லை" என்று சொல்லியிருந்தால் கதை வேறு. அதற்குப் பிறகும் வேலையில் வைத்திருப்பது சட்ட மீறல். இதை எழுத மனம் வரவில்லைதான். எழுதாமல் விட்டால் உங்களுக்குச் செய்யும் துரோகம்.

கணவரின் யோசனைக்கு வருகிறேன். என்னிடம் வரும் கடைக்காரர்கள் அநேகமாக இதைத்தான் முதலில் சொல்வார்கள். பூதத்துக்குப் பயந்து கிணற்றில் விழுந்த கதை இது. பிறந்த நாட்டையோ தோற்றத்தையோ பார்த்து ஆட்களை நிறுத்தினால் அது பாரபட்சம். அதே குடியேற்றச் சட்டத்தின் இன்னொரு பிரிவில் மாட்டிக்கொள்வீர்கள். "எல்லோரும் நாளைக்கு க்ரீன் கார்டைக் கொண்டுவந்து காட்டுங்கள்" என்று சொன்னாலும் அதே கதிதான். ஐ-9 படிவத்தின் பட்டியலில் உள்ள எந்த ஆவணத்தைக் காட்டுவது என்பது தொழிலாளியின் விருப்பம். ஒருவர் க்ரீன் கார்டைக் காட்டலாம், இன்னொருவர் ஓட்டுநர் உரிமத்தையும் சோஷியல் செக்யூரிட்டி அட்டையையும் காட்டலாம். இந்தப் புகார்களை விசாரிப்பதற்கென்றே மத்திய நீதித்துறையில் தனிப் பிரிவு இருக்கிறது. ஐஸ் வரும் என்று பயந்து செய்த காரியத்துக்கு நீதித்துறையிலிருந்து நோட்டீஸ் வாங்கியவர்கள் உண்டு.

அந்த அட்டைப்பெட்டிதான் உங்கள் உண்மையான ஆபத்து. ஐ-9 தணிக்கைக்கு நோட்டீஸ் வந்தால் படிவங்களைக் கொடுக்கக் குறைந்தது மூன்று வேலை நாள் அவகாசம் உண்டு. மூன்று நாளில் சரிசெய்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வெறும் படிவக் குறைபாட்டுக்கே, 2025-இல் இருந்த விகிதப்படி, ஒரு படிவத்துக்கு 288 டாலர் முதல் 2,861 டாலர் வரை அபராதம் போடலாம். இந்த வாரமே உட்காருங்கள். தவறான இடத்தில் ஒரே ஒரு கோடு. கீழே எழுதியது தெரியவேண்டும். பக்கத்தில் சரியான விவரம், உங்கள் சுருக்கொப்பம், இன்றைய தேதி. வெள்ளை மை பூசாதீர்கள். பழைய தேதி போடவே போடாதீர்கள்: விடுபட்ட கையெழுத்து அபராதத்தோடு போகும், பொய்த் தேதி மோசடியாகிவிடும். தொழிலாளியின் பகுதியை அவர்தான் திருத்தவேண்டும். வேலையை விட்டுப் போனவர்களின் படிவத்தையும், சேர்ந்த நாளிலிருந்து மூன்று வருடம் அல்லது விலகிய நாளிலிருந்து ஒரு வருடம், இதில் எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும்.

வராத இருவரின் சம்பளம் உங்கள் பணமல்ல. செய்த வேலைக்குக் கூலி கொடுப்பதில் குடியேற்ற நிலை குறுக்கே வராது. வழக்கமான சம்பள நாளிலேயே, வழக்கமாகக் கொடுக்கும் வழியிலேயே அனுப்பிவிடுங்கள். கேட்கப் பயப்படுவார்கள் என்பதை வைத்துச் சம்பளத்தை அமுக்கும் முதலாளிகளை நிறையப் பார்த்துவிட்டேன். அந்தப் பட்டியலில் நீங்கள் வேண்டாம்.

இனி கிச்சன். சாப்பிட வருகிற யாரும் நுழையக்கூடிய கூடத்துக்குள் அதிகாரிகளும் வாரண்ட் இல்லாமல் வரலாம். அடுப்பங்கரை, கிடங்கு அறை, அலுவலக அறை ஆகியவை தனி இடம். அங்கே நுழைய நீதிபதியின் வாரண்ட் வேண்டும், அல்லது உங்கள் சம்மதம் வேண்டும். கோளாறு பெரும்பாலும் இந்தச் சம்மதத்தில்தான் நடக்கிறது. கல்லாவில் நிற்கிற பையன் மரியாதைக்காக "வாங்க சார்" என்று கையைக் காட்டினால் போதும், சம்மதம் கொடுத்ததாக வாதாடுவார்கள். ஆகவே பேசுவது யார் என்பதை இன்றே முடிவு செய்யுங்கள். கிச்சன் கதவில் 'பணியாளர்கள் மட்டும்' என்ற பலகையை மாட்டுங்கள்.

தாளை நீட்டினால் கையில் வாங்கி நிதானமாகப் படியுங்கள். மேலே மத்திய மாவட்ட நீதிமன்றத்தின் பெயர், உள்ளே உங்கள் கடையின் சரியான முகவரி, கீழே நீதிபதி அல்லது மாஜிஸ்திரேட்டின் கையொப்பம், காலாவதியாகாத தேதி எல்லாம் இருந்தால் அது நீதிமன்ற வாரண்ட். வழிவிடத்தான் வேண்டும். தலைப்பில் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் பெயரும், படிவ எண் ஐ-200 அல்லது ஐ-205 என்றும் இருந்தால் அது துறை அதிகாரி தானே கையொப்பமிட்ட நிர்வாக வாரண்ட். அதிலும் 'வாரண்ட்' என்று கொட்டை எழுத்தில்தான் இருக்கும். அதில் பெயர் உள்ளவரைப் பொது இடத்தில் கைது செய்யலாம். அதை மட்டும் வைத்துக்கொண்டு உங்கள் கிச்சனுக்குள் வர முடியாது. "நான் சம்மதிக்கவில்லை" என்று ஒருமுறை தெளிவாகச் சொல்லுங்கள். அதையும் மீறி நுழைந்தால் கதவை மறிக்காதீர்கள். ஓரமாக நின்று போனில் படம் எடுங்கள். சண்டையை நீதிமன்றத்தில் வைத்துக்கொள்ளலாம். யாரையும் ஒளித்துவைப்பது, பின்வாசல் வழியாக அனுப்புவது, பொய் சொல்வது, காகிதத்தைக் கிழிப்பது எல்லாம் உங்களையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றும். பேசாமல் இருக்கும் உரிமை உண்டு என்று பணியாளர்களிடம் முன்கூட்டியே சொல்லிவைக்கலாம். "பேசக் கூடாது" என்று உத்தரவு போடக் கூடாது.

ஒரு சின்ன விஷயம். ஐஸ் அதிகாரிகளின் சட்டையிலும் 'போலீஸ்' என்று போட்டிருக்கும். உங்கள் ஊர்ப் போலீஸ் வேறு. சிவில் குடியேற்றச் சட்டத்தை அமல்படுத்துவதற்காக உள்ளூர்ப் போலீஸ் ஆட்களை நிறுத்தவோ விசாரிக்கவோ கூடாது என்று நியூ ஜெர்சி அட்டர்னி ஜெனரல் 2018 நவம்பரிலேயே உத்தரவு போட்டிருக்கிறார். கடையில் திருட்டுப் போனால் தயங்காமல் கூப்பிடுங்கள்.

நஷ்டஈடு. சுருக்கமான பதில்: கிடைக்காது. சோதனையின்போது அதிகாரிகள் கதவையோ அடுப்பையோ உடைத்தால், மத்திய அரசின் மீது இழப்பீட்டுக் கோரிக்கையை இரண்டு வருடத்துக்குள் எழுத்துமூலம் கொடுக்கலாம். கூட்டம் வரவில்லை, ஆள் வரவில்லை என்பதற்கு அந்த வழியும் இல்லை. வியாபாரத் தடைக்கான காப்பீடும் பொதுவாகக் கட்டடத்துக்குச் சேதம் வந்தால்தான் பணம் தரும். உங்கள் கடைக்குள் யாரும் கால் வைக்கவில்லை, ஆனாலும் வருமானத்தில் பாதி போய்விட்டது. இந்த இழப்புக்குச் சட்டப் புத்தகத்தில் ஒரு பெயர்கூடக் கிடையாது.

பெயர் இல்லாவிட்டாலும் கணக்கு இருக்கிறது. 2008 மே 12-ஆம் தேதி ஐயோவா மாநிலத்தின் போஸ்ட்வில் என்ற ஊரில் ஓர் இறைச்சி ஆலையில் 389 பேரைப் பிடித்தார்கள். ஊரின் மக்கள்தொகையே இரண்டாயிரத்துச் சொச்சம். ஆலை அந்த வருடம் நவம்பரில் திவாலானது; அதை நம்பியிருந்த கடைகளும் வாடகை வீடுகளும் காலியாயின. மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஐயோவா மாநிலத்தின் பிறப்புப் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். சோதனைக்குப் பிந்தைய மாதங்களில் லத்தீன் அமெரிக்க வம்சாவளித் தாய்மாருக்குக் குறைந்த எடையில் குழந்தை பிறக்கும் வாய்ப்பு, முந்தைய வருடத்தின் அதே காலத்தைவிட 24 சதவீதம் கூடியிருந்தது. அமெரிக்காவிலேயே பிறந்த தாய்மாரும் அதில் அடக்கம். பிடிபடாதவர்களின் வயிற்றுக்குள்ளும் அந்த நாள் போயிருக்கிறது.

ஆட்களைப் பிடித்து அனுப்பினால் உள்நாட்டுக்காரர்களுக்கு வேலை பெருகும் என்று சொல்பவர்கள் உண்டு. உள்ளூர்ப் போலீஸ் பிடிப்பவர்களின் கைரேகையைக் குடியேற்றத் துறையும் சரிபார்க்கும் 'செக்யூர் கம்யூனிட்டிஸ்' என்ற திட்டத்தை 2008-இலிருந்து கவுண்டி (மாவட்டம்) வாரியாகக் கொண்டுவந்தார்கள். அதை ஆராய்ந்த பொருளாதார நிபுணர்கள் கண்டதோ, இங்கே பிறந்தவர்களின் வேலையும் குறைந்தது என்பது. காரணம் உங்கள் கடையிலேயே இருக்கிறது. சமையல்காரர் இருவர் இல்லாவிட்டால் தோசைக்கல் ஒன்று அணையும். கல் அணைந்தால் மேசை குறையும். மேசை குறைந்தால் பரிமாறுகிற கல்லூரி மாணவருக்கு ஷிப்ட் குறையும். அவர் குடியுரிமை உள்ளவராக இருந்து என்ன பயன்?

ஒழுங்காக நடந்தால் தப்பிக்கலாம் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. 2025 ஜூனில் நெப்ராஸ்காவின் ஒமாஹா நகரில் ஓர் இறைச்சி நிறுவனத்தில் எழுபதுக்கும் மேற்பட்டவர்களைப் பிடித்தார்கள். ஒவ்வொருவரையும் அரசின் 'இ-வெரிஃபை' முறையில் சரிபார்த்து எடுத்த நிறுவனம் அது. இன்னொருவருடைய உண்மையான பெயரையும் எண்ணையும் காட்டி வருபவரை அந்த முறையால் சரியாகக் கண்டுபிடிக்க முடியாது.

இதே காரணத்தால்தான் கணவரின் 'வரிசை' வாதமும் எனக்கு நிற்கவில்லை. அவர் வரிசையில் நின்றவர் என்பது அவர் நெற்றியில் எழுதியிருக்கவில்லை. லாஸ் ஏஞ்சலிஸில் குடியேற்ற அதிகாரிகள் ஆட்களைத் தெருவில் நிறுத்தி விசாரிப்பதற்குக் கீழ்க் கோர்ட் விதித்திருந்த கட்டுப்பாட்டை 2025 செப்டம்பர் 8-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. இனத் தோற்றம் தனியாகப் போதாது, ஆனால் மற்றவற்றோடு சேர்த்துக் கணக்கில் எடுக்கலாம் என்று ஒரு நீதிபதி அதில் எழுதினார். நம் நிறத்தையும் ஆங்கில உச்சரிப்பையும் வைத்துக்கொண்டு அந்த வாக்கியத்தை உங்கள் கணவர் ஒருமுறை படித்துப் பார்க்கட்டும். பிறகு இருவரும் அசல் க்ரீன் கார்டைப் பையில் வையுங்கள். 18 வயது நிரம்பியவர்கள் அதை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். பீரோவில் பத்திரமாகப் பூட்டிவைப்பதுதான் நம்மவர் வழக்கம். வீடு மாறினால் பத்து நாளுக்குள் முகவரி மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும். இதையும் பாதிப் பேர் மறந்துவிடுகிறோம்.

கடைசியாக, அந்தத் தாய் கேட்ட கேள்வி. அமெரிக்கக் குடிமகளான ஒரு சிறுமியைத் தாயின் சம்மதத்தோடு வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வது குற்றமே அல்ல. 2019 ஆகஸ்ட் 7-ஆம் தேதி மிசிசிப்பியின் கோழி ஆலைகளில் ஒரே நாளில் சுமார் 680 பேரைப் பிடித்தபோது, சில பள்ளிகளுக்கு அன்றுதான் வருடத்தின் முதல் நாள். மாலையில் கூட்டிப்போக ஆளில்லாமல் குழந்தைகள் நின்றார்கள். அன்று சாயங்காலம் தேவைப்பட்டது ஒரு பெயரும் ஒரு தொலைபேசி எண்ணும்தான். ஆகவே பள்ளியின் அவசரத் தொடர்பு அட்டையில் உங்கள் பெயரை அவர் சேர்க்கட்டும். அதற்கு வக்கீல் வேண்டாம். அதற்கு மேல், மருத்துவரிடம் அழைத்துப் போகவும் பள்ளியில் கையெழுத்துப் போடவும், குழந்தையின் பராமரிப்பை ஒப்படைக்கும் பவர் ஆஃப் அட்டர்னி ஒன்றை நோட்டரி முன்னிலையில் எழுதித் தரலாம். அதனால் தாயின் உரிமை போய்விடாது, அவர் நினைத்தபோது ரத்து செய்யலாம். கால வரம்பு உண்டு, புதுப்பிக்க மறக்கக் கூடாது.

ஆனால் நீங்கள் அவருக்கு முதலாளியும்கூட. அந்தத் தாளை எழுத உங்கள் கடை மேசையில் இருவரும் உட்கார்ந்தால் அவர் மனம்விட்டுத் தன் கதையைச் சொல்வார். சொன்ன நொடியில் உங்கள் "நினைக்கிறேன்", "தெரியும்" ஆகிவிடும். அவருக்கு வேலை போகும். அதனால் அவர் தனியாக, தனக்கென ஒரு குடியேற்ற வக்கீலிடமோ இலவசச் சட்ட உதவி மையத்திலோ போய் எழுதிக்கொண்டு வரட்டும். குடியேற்ற நீதிமன்றத்தில் அரசு செலவில் வக்கீல் தரமாட்டார்கள், அதனாலும் இப்போதே ஒருவரைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. தாளில் காரணம் எழுதவேண்டியதில்லை. அறுவை சிகிச்சைக்குப் போகிற தாயும் இதே தாளைத்தான் எழுதிவைக்கிறார். அவர் கொண்டுவந்து கொடுத்தால் கையெழுத்துப் போடுங்கள், ஏன் என்று கேட்காதீர்கள்.