கால்கரிக்கு மாற்றலாகிப் போகிறேன், பறவை வேட்டைக்கு விலை குறைந்த பம்ப் துப்பாக்கி எதை வாங்கலாம்?

கேட்டிருக்கும் தம்பி கோலாலம்பூரில் எண்ணெய், எரிவாயுத் துறையில் இருக்கிறார். அடுத்த ஆண்டு கனடாவின் கால்கரிக்கு மாற்றல். அங்கே கூட வேலை செய்கிறவர்கள் செப்டம்பர் பிறந்தால் வாத்தும் கௌதாரியும் சுடப் போகிறார்களாம், இவரையும் கூப்பிடுகிறார்களாம். "கைக்கு அடக்கமான விலையில் எதை வாங்குவது? வேலை முடிந்து திரும்பும்போது ஊருக்குக் கொண்டு வரலாமா?" இதுதான் கேள்வி. நானும் கால்கரியில் வேலை பார்த்து, அங்கே வேட்டைக்குப் போய்ப் பழகியவன். இப்போது புக்கிட் மெர்தாஜாமில் இருக்கிறேன்.

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில். கொண்டு வர முடியும் என்று எண்ணி வாங்காதீர்கள். நம் நாட்டில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பதும் குற்றம், இறக்குமதி செய்வதும் குற்றம். காற்றுத் துப்பாக்கிக்குக்கூட லைசென்ஸ் வேண்டும். சட்டவிரோதமாக வைத்திருந்தால் 1971ஆம் ஆண்டின் கடுந்தண்டனைச் சட்டம் பாயும். 14 ஆண்டுகள் வரை சிறை, குறைந்தது 6 பிரம்படி. தோட்டப்புறங்களில் பன்றியையும் குரங்கையும் விரட்ட செனாப்பாங் பாத்தா (நடுவில் மடித்துத் தோட்டா போடும் துப்பாக்கி) வைத்திருக்கும் பெரியவர்களைப் பார்த்து, 'நமக்கும் கிடைத்துவிடும்' என்று நினைக்க வேண்டாம். பயிரைக் காக்க என்று காரணம் காட்டி, போலீஸிடம் லைசென்ஸ் வாங்கி வைத்திருப்பவர்கள் அவர்கள். தீபகற்ப மலேசியாவில் பறவையைச் சுடுவதற்குத் துப்பாக்கி லைசென்ஸ் மட்டும் போதாது. 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானிடம் தனியாக அனுமதி வாங்க வேண்டும். ஆகவே கால்கரியில் வாங்குவதைக் கால்கரியிலேயே விற்றுவிட்டு வருவது என்று இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். விலை குறைந்த துப்பாக்கியே போதும் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி துப்பாக்கிக்கு வருகிறேன். பம்ப் என்றால், முன்கட்டையைப் பின்னே இழுத்து முன்னே தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றும் வகை. புதிதாக வாங்குவதானால் மாவரிக் 88, 12 கேஜ் (கேஜ் என்பது குழலின் உள்ளளவு, எண் குறைந்தால் குழல் அகலம்), 28 அங்குலக் குழல். பழையது வாங்கத் தயார் என்றால் நல்ல நிலையில் இருக்கும் ரெமிங்டன் 870. நீங்கள் இடக்கைக்காரர் என்றால் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து மாஸ்பெர்க் 500. இந்த மூன்றில் எது கிடைத்தாலும் வாத்து விழும். எது உங்கள் தோளில் சரியாக உட்காருகிறது என்பதுதான் உண்மையான தேர்வு. கடையில் யாரும் இதை நம்மிடம் பொறுமையாகச் சொல்வதில்லை.

வட அமெரிக்கச் சந்தைக்காகச் செய்யப்படும் துப்பாக்கிகளில், விசையிலிருந்து பின்கட்டையின் முனை வரை ஏறத்தாழ 14 அங்குலம் இருக்கும். அங்குள்ள சராசரி ஆளை மனத்தில் வைத்துச் செய்த அளவு அது. நம் ஆட்களில் ஐந்தடி நான்கு, ஐந்தடி ஐந்து இருப்பவர்கள் நிறையப் பேர். அந்த உயரத்துக்கு 14 அங்குலமே நீளம். அக்டோபர் கடைசியில் ஆல்பர்ட்டாக் குளிரில் கனத்த ஜாக்கெட் ஒன்றைப் போட்டுக்கொண்டால் இன்னும் ஓர் அங்குலம் நீண்ட மாதிரிதான். துப்பாக்கியைத் தூக்கும்போது கட்டையின் அடி அக்குளில் மாட்டும். கன்னம் சரியான இடத்தில் படியாது. இடக்கை முன்கட்டையை எட்டிப் பிடிக்க வேண்டியிருக்கும். வாத்து அதற்குள் போய்விடும். மோசமானது என்னவென்றால், தோளுக்குள் சரியாக உட்காராத கட்டை ஒவ்வொரு வெடிக்கும் மேல்கையில் உதைக்கும். புதியவர்கள் பலர் "12 கேஜ் ரொம்ப உதைக்குது" என்று விட்டுவிடுவது அதனால்தான். கேஜை விட, பொருந்தாத கட்டையே அங்கே பெரிய குற்றவாளி.

கடையில் இப்படிப் பாருங்கள். துப்பாக்கி காலியாக இருப்பதைக் கடைக்காரரும் நீங்களும் பார்த்து உறுதி செய்த பிறகு, வேட்டைக்குப் போடப்போகும் ஜாக்கெட்டோடு நின்று, கண்ணை மூடிக்கொண்டு, ஆள் இல்லாத பக்கமாகத் தோளில் ஏற்றுங்கள். கண்ணைத் திறக்கும்போது குழலின் நுனி மணி கண்ணுக்கு நேராக நிற்க வேண்டும். குழலின் மேல்பட்டை முழுதும் தெரிந்தால் கன்னம் உயர்ந்திருக்கிறது. மணியே தெரியவில்லை என்றால் கன்னம் தாழ்ந்திருக்கிறது. வலக்கைக் கட்டைவிரலுக்கும் மூக்குக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி இருக்கட்டும். ஐந்தாறு முறை ஏற்றிப் பார்த்தும் கண் மணியைத் தேடிப் போகிறது என்றால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அது உங்களுக்கானது அல்ல.

குட்டையான ஆளுக்கு வழி இல்லாமல் இல்லை. மாஸ்பெர்க் 500இல் சிறுவர், பெண்களுக்கென்று வரும் சூப்பர் பாண்டம் வகையில் கட்டையின் நீளத்தை 12 அங்குலத்திலிருந்து 13 வரை மாற்றலாம். 20 கேஜிலும் கிடைக்கும். "சிறுவர் துப்பாக்கி" என்று கூச்சப்படாதீர்கள். ஜாக்கெட்டோடு சேர்த்தால் பல மலேசியர்களுக்கு அதுதான் சரியான அளவு. கட்டையை அறுத்துக் குட்டையாக்கித் தரும் துப்பாக்கிப் பட்டறைகளும் உண்டு. மாவரிக்கின் விலையோடு அந்தக் கூலியைச் சேர்த்தாலும் பெரிய துப்பாக்கிகளின் விலையை எட்டாது.

மூன்றுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லிவிடுகிறேன். ரெமிங்டன் 870 வந்தது 1950இல். இதுவரை 1 கோடிக்கும் மேல் செய்திருக்கிறார்கள். உடல் முழுக்க எஃகு. விங்மாஸ்டர் என்பது மெருகேற்றிய வகை, 1987இல் வந்த எக்ஸ்பிரஸ் விலை குறைந்த வகை. எக்ஸ்பிரஸின் சொரசொரப்பான மேல்பூச்சில் ஈரம் தங்கித் துருவேறும், சதுப்பிலிருந்து திரும்பிய அன்றே எண்ணெய்த் துணியால் துடைக்க வேண்டும். பழைய சந்தையில் ஒரு விங்மாஸ்டர் நியாயமான விலைக்கு வந்தால் யோசிக்காமல் எடுங்கள். முன்னும் பின்னும் தள்ளும்போது அது ஓடும் வழவழப்பு வேறு எதிலும் வராது. ஆனால் குழலில் பொறித்திருப்பதைப் படியுங்கள். மிகப் பழையவற்றில் இரண்டேமுக்கால் அங்குலத் தோட்டா மட்டும்தான் போகும், சோக்கும் (குண்டுகள் சிதறாமல் இருக்கக் குழல் முனையில் உள்ள குறுக்கம்) கழற்ற முடியாதபடி ஃபுல் ஆக, அதாவது மிக இறுக்கமாக, இருக்கும். அதில் எஃகுக் குண்டு போடக் கூடாது. மாற்றுக் குழல் வாங்கும் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

மாஸ்பெர்க் 500 அறுபதுகளின் தொடக்கத்திலிருந்து வருகிறது. உடல் அலுமினியம். "அலுமினியம் வெடியைத் தாங்குமா?" என்று சிலர் பயப்படுகிறார்கள். வெடிக்கும்போது, தோட்டாவைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட் பூட்டிக்கொள்வது குழலின் எஃகு நீட்சியோடுதான். உடலின்மேல் அந்த அழுத்தம் ஏறுவதில்லை. இதன் சேஃப்டி பொத்தான் மேல்பக்கத்தில் கட்டைவிரலுக்கு அடியில் இருப்பதால் இரு கைக்காரருக்கும் ஒன்றுதான். இன்னொரு வசதியும் உண்டு. 870இல் தோட்டாவை அடியிலிருந்து ஏற்றும்போது ஒரு தகட்டை மேலே தள்ளிக்கொண்டு ஏற்ற வேண்டும். தடித்த கையுறை போட்ட கட்டைவிரல் அங்கே நசுங்கும். மாஸ்பெர்க்கில் அந்தத் தகடு தானாகவே மேலே நிற்கும், வாய் திறந்தே இருக்கும். விரல் மரத்துப்போகும் குளிரில் இருட்டில் உட்கார்ந்து தோட்டா ஏற்றியவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

மாவரிக் 88 அதே மாஸ்பெர்க் நிறுவனத்தின் மலிவுப் பதிப்பு. உள்ளே ஏறக்குறைய அதே இயக்கம். தோட்டா கொள்ளளவு ஒன்றாக இருந்தால் 500இன் குழலை இதில் மாட்டலாம். சேஃப்டி மட்டும் விசைக்கு அருகே குறுக்காகத் தள்ளும் பொத்தான். அமெரிக்காவில் பல ஆண்டுகளாக 300 டாலருக்கும் கீழே விற்றது. கனடாவில் விலை கூடுதல், ஆனாலும் கடையில் இருக்கும் நம்பகமான புதிய பம்ப்களில் மலிவானவற்றில் ஒன்று அதுவாகத்தான் இருக்கும். 28 அங்குலக் குழலும் மாற்றத்தக்க சோக்கும் உள்ள வகையைக் கேட்டு வாங்குங்கள். பதினெட்டரை அங்குலக் குழல் இன்னும் மலிவாகத் தொங்கும். அது வீட்டுக் காவலுக்குச் செய்தது, பறக்கும் பறவையோடு சேர்த்து ஓட்ட அந்த நீளமும் எடையும் போதாது.

துருக்கியில் செய்த பம்ப்களும் நிறைய வருகின்றன. வின்செஸ்டர் எஸ்எக்ஸ்பி அங்கேதான் தயாராகிறது, நல்ல துப்பாக்கி. பெயர் தெரியாத மலிவு வகைகளில் உதிரிப்பாகம் கிடைப்பது சிரமம், நான் வாங்க மாட்டேன்.

கனடாவில் வாத்து போன்ற வலசைப் பறவைகளுக்கு ஈயக் குண்டு கூடாது, எஃகு, பிஸ்மத் போன்றவற்றைத்தான் போட வேண்டும். எஃகு ஈயத்தை விட எடை குறைந்தது. ஒரு கன சென்டிமீட்டர் ஈயம் 11.3 கிராம், எஃகு 7.8. அதனால் ஈயத்தில் போடுவதை விட இரண்டு அளவு பெரிய குண்டு எடுக்க வேண்டும். வாத்துக்கு 2ஆம் எண் எஃகு, மூன்று அங்குலத் தோட்டா. கனடா பெருவாத்துக்கு அதைவிடப் பெரிய பிபி குண்டு. மூன்றரை அங்குலத் தோட்டா போடும் துப்பாக்கிக்குக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம், உதைதான் மிஞ்சும். சோக்கில் நடுத்தர இறுக்கமான மாடிஃபைட் போதும். எஃகுக் குண்டு இறுகிப் பறப்பதால் மாடிஃபைடே ஃபுல் மாதிரி வேலை செய்யும்.

இதே பறவைகளுக்கு இன்னொரு விதி: துப்பாக்கியில் மொத்தம் மூன்று தோட்டாவுக்கு மேல் இருக்கக் கூடாது. அதற்காகத் தோட்டாக் குழாய்க்குள் ஒரு குச்சி போட்டிருப்பார்கள். பழைய துப்பாக்கி வாங்கினால் அந்தக் குச்சி உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள், முந்தைய சொந்தக்காரர் கழற்றியிருக்கக் கூடும்.

லைசென்ஸ் வேலையைப் போய்ச் சேர்ந்த வாரமே தொடங்குங்கள். கனடா துப்பாக்கிப் பாதுகாப்புப் பயிற்சி, தேர்வு, பிறகு பிஏஎல் (துப்பாக்கி வாங்கவும் வைத்திருக்கவும் தரும் லைசென்ஸ்) விண்ணப்பம். முதல்முறை விண்ணப்பிப்பவருக்குக் குறைந்தது 28 நாள் காத்திருப்பு கட்டாயம், நடைமுறையில் இன்னும் நீளும். அந்தப் பயிற்சியை வெறும் சடங்காக நினைக்காதீர்கள். எந்தத் துப்பாக்கியையும் குண்டு ஏற்றியதாகவே கருது, முனை எங்கே பார்க்கிறது என்று எப்போதும் கவனி, விசையில் விரல் வைக்காதே, காலியா என்று கண்ணால் பார். துப்பாக்கியே பார்க்காத வீட்டில் வளர்ந்த நமக்கு இது கையில் ஊறினால்தான் பாதுகாப்பு. வலசைப் பறவைக்கு மத்திய அரசின் அனுமதியும் ஆல்பர்ட்டாவின் லைசென்ஸும் தனித்தனி. உங்கள் விசாவுக்கு அங்கே குடியிருப்பாளர் என்ற கணக்கு பொருந்துமா என்று கேட்டுக்கொள்ளுங்கள், கட்டணமும் விதியும் அதைப் பொறுத்து மாறும்.

படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை: பெர்த்துக்கோ மெல்பர்னுக்கோ போகிறவர்கள் இந்தப் பதிலைப் பின்பற்ற வேண்டாம். 1996க்குப் பிறகு ஆஸ்திரேலியாவில் பொழுதுபோக்கு வேட்டைக்காரர்களுக்குப் பம்ப் கிடைப்பது ஏறக்குறைய நடக்காத காரியம்.

மிச்சமாகும் பணத்தில் தோட்டா வாங்குங்கள், தம்பி. ஒரு பெரிய தாளை 40 கஜத்தில் நிறுத்தி, வேட்டைக்குப் போடும் அதே தோட்டாவால் சுட்டு, அடர்த்தியான இடத்தைச் சுற்றி 30 அங்குல வட்டம் போட்டுக் குண்டுகளை எண்ணுங்கள். எந்தப் பக்கம் சாய்கிறது, நடுவில் ஓட்டை விழுகிறதா என்று தெரியும். பிறகு, வானில் வீசும் களிமண் தட்டைச் சுட்டுப் பழகுங்கள். பதற்றத்தில் பம்பைப் பாதி இழுத்து நிறுத்திவிடுவதுதான் புதியவர்களின் முதல் சிக்கல், பின்னே முழுக்க அடித்து முன்னே முழுக்கத் தள்ளும் பழக்கம் தட்டுச் சுட்டால்தான் வரும். 35 கஜத்துக்குள் வராத வாத்தைச் சுடாதீர்கள். காயத்தோடு நாணலுக்குள் விழுந்து மறைந்து சாகும் பறவைக்கு நாம்தான் பொறுப்பு. கூட வருகிறவர்கள் உயரத்தில் போவதைச் சுட்டுத் தள்ளினாலும் நீங்கள் பொறுத்திருங்கள்.

ஊர் திரும்பும்போது விற்பதற்கும் முறை உண்டு. வாங்குபவரின் பிஏஎல் செல்லுபடியாகிறதா என்று துப்பாக்கிப் பதிவகத்தில் சரிபார்த்து எண் வாங்கிய பிறகே கைமாற்ற வேண்டும். 2022 மே முதல் இது கட்டாயம். தெரியாத ஆளிடம் பேரம் பேச விருப்பமில்லை என்றால் துப்பாக்கிக் கடையிலேயே கொடுத்துவிடுங்கள். மாவரிக்கும் 870ம் அங்கே அதிக நாள் தங்காது.