வலிக்காத கொப்புளம்

அன்புள்ள ஐயா,

அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு. தைப்பூசத்துக்கு வெறுங்காலோடு பழனிக்கு நடந்துபோய்த் திரும்பியவருக்குக் குதிகாலில் பெரிய கொப்புளம். ஊசியில் நூல் கோத்துக் கொப்புளத்துக்குள் செலுத்தி, நூலை அப்படியே விட்டால் நீர் வடிந்துவிடும் என்கிறார்கள். செய்யலாமா? நல்லவேளை, அவருக்கு வலியே இல்லை. முருகன் அருள் என்கிறார். இன்னொன்று, மாத்திரை அட்டையையும் சுவரில் பெயின்ட் உப்புவதையும்கூட பிளிஸ்டர் என்கிறார்களே, ஏன்?

எம்., காரைக்குடி

அன்புள்ள தம்பி,

எல்லாமே உப்பி நிற்பவை, அதனால் அந்தப் பெயர். அதை விடுங்கள். நூல் வேண்டவே வேண்டாம். நீர் வெளியே வரும் வழியாகவே கிருமி உள்ளே போகும். உடையாத மேல்தோலை விடச் சுத்தமான கட்டு எந்தக் கடையிலும் கிடைக்காது.

'நல்லவேளை, வலியே இல்லை' என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்குத் திக்கென்றது. சர்க்கரைக்காரரின் கால் வலிக்கவில்லை என்றால் அது நல்ல சேதியா? படித்த பிள்ளை இப்படியா எழுதுவது?

என் பெரியப்பா ஒரு நாள் கடைவீதியிலிருந்து வந்து செருப்பைக் கழற்றினார். உள்ளே ஒரு சின்ன ஆணி நீட்டிக்கொண்டிருந்தது, சுற்றிலும் ரத்தம் காய்ந்து கருத்திருந்தது. பெரியம்மா கூப்பாடு போட்ட பிறகுதான் அவர் குனிந்தே பார்த்தார். கடைசியில் கட்டைவிரலை எடுக்க வேண்டியதாயிற்று.

நம் கொல்லிமலையில் 1914இல் பிறந்தவர் பால் பிராண்ட். 1946இல் வேலூர் சிஎம்சிக்கு அறுவை மருத்துவராக வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் தாமாகவே அழுகி உதிர்கின்றன என்று பலரும் நம்பிய காலம் அது. அவர் ஒவ்வொரு புண்ணுக்கும் காரணம் தேடினார். காரணம் அழுகல் இல்லை, உணர்ச்சி செத்துப்போனதுதான் என்று கண்டார். கொப்புளம் வந்தால் நாம் நொண்டுவோம், அந்த இடத்தை ஊன்றமாட்டோம். அதனால்தான் அது ஆறுகிறது. உணர்ச்சி இல்லாதவர் நொண்டமாட்டார். கொப்புளத்தின் மேலேயே நடப்பார். அது உடையும், புண்ணாகும், எலும்புவரை போகும். பிறகு அமெரிக்காவில் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனபோது, சர்க்கரை நோயாளிகளின் பாதத்திலும் இதேதான் நடக்கிறது என்று சொன்னார்.

உங்கள் அப்பா இப்போது நொண்டுகிறாரா? இல்லை என்றால் நாளைக்கே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பார்கள், சில நிமிட வேலை. அதுவரை அந்தக் காலை ஊன்ற விடாதீர்கள். மஞ்சள்பொடி, பற்பசை எதையும் அப்பாதீர்கள்.

அவர் பழனிக்கே போகக்கூடாது என்று சொல்ல எனக்கு மனம் வராது. மருத்துவர் சம்மதித்தால் அடுத்த வருஷமும் போகட்டும், ஆனால் நல்ல செருப்போடு. முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான். நீங்களும் கூடப் போங்கள். தங்கும் இடத்திலெல்லாம் அவர் பாதத்தை மடியில் வைத்துப் புறங்கையால் தடவிப் பாருங்கள். நடந்த சூடு கொஞ்சம் தணிந்த பிறகும் ஓரிடம் மட்டும் சுட்டால், அங்கே புண் கிளம்பப் போகிறது என்று அர்த்தம். அன்றைக்கு நடை அவ்வளவுதான்; மீதிக்கு பஸ் இருக்கிறது.