ஆற்றோர வீடு: ஆயிரம் வெள்ளியை நீட்டுமுன்

கேள்வி: நாங்கள் சிங்கப்பூர்க் குடிமக்கள், தமிழ்க் குடும்பம். பொத்தோங் பாசிரில் காலாங் ஆற்றைப் பார்த்த மாதிரி ஒரு நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு பிடித்திருக்கிறது. சிவதுர்கா ஆலயத்துக்கு நடந்தே போகலாம். விற்பவர் சீனர். “இன்றைக்கே ஆயிரம் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுத்து ஆப்ஷன் (வீட்டை வாங்கும் உரிமைப் பத்திரம்) வாங்குங்கள், இன ஒதுக்கீட்டை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்கிறார் முகவர். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். வீவக வீடுகளில் ஒவ்வோர் இனப் பிரிவும் எத்தனை விழுக்காடுவரை இருக்கலாம் என்பதுதான் இன ஒதுக்கீடு. அதை எந்த முகவராலும் ‘பார்த்துக்கொள்ள’ முடியாது. நீங்கள் சேரும் ‘இந்தியர், மற்றவர்’ பிரிவுக்குப் பேட்டை அளவில் 12 விழுக்காடு, புளோக் (ஓர் அடுக்குமாடிக் கட்டடம்) அளவில் 15 விழுக்காடுதான் உச்ச வரம்பு. இரண்டில் ஒன்று நிரம்பியிருந்தாலும் சீனரிடமிருந்து நீங்கள் வாங்க முடியாது. வீவக இணையப் பக்கத்தில் புளோக் எண்ணைப் போட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். ஆனால் கணக்கு மாதாமாதம் முதல் தேதி மாறும். என்னிடம் வந்த ஒரு தம்பதி, முகவர் போன மாதம் அச்சடித்துக் கொடுத்த காகிதத்தை நம்பி மூன்றாம் தேதி பணம் கட்டினார்கள். கதவு முதல் தேதியே மூடியிருந்தது. வீடு வாங்குகிறவர் நாட்காட்டியோடு ஓட வேண்டும் என்பது என்ன ஏற்பாடோ!

ஒரு விலக்கு உண்டு, பலர் பாதி புரிந்துகொள்வதால் விரித்தே சொல்கிறேன். விற்பவரும் உங்கள் பிரிவுக்காரராக இருந்தால் புளோக்கின் விகிதம் மாறாது. அதனால் ஒதுக்கீடு நிரம்பியிருந்தாலும் வாங்கலாம். அவர் தமிழராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. மலையாளி, பஞ்சாபி, ஏன், யூரேசியராக இருந்தாலும் சரி, எல்லாம் ஒரே பிரிவு. ஆகவே இந்தச் சீனர் வீடு கைகூடாவிட்டால், அதே புளோக்கில் நாலு மாடி கீழே இருக்கும் யூரேசியர் வீடு கைகூடலாம். பெயரை வைத்து ஊகிக்காமல், எந்தப் பிரிவில் பதிவாகியிருக்கிறார் என்று கேளுங்கள்.

அடுத்தது, ஆற்றுக் காட்சிக்காகக் கூட்டிக் கேட்கும் விலை. ஆப்ஷன் வாங்கிய பிறகுதான் வீவக மதிப்பீடு கிடைக்கும். அதற்கு மேல் ஒப்புக்கொண்ட தொகை முழுக்கக் கைக்காசு. மத்திய சேமநிதியோ (சம்பளத்திலிருந்து சேரும் கட்டாயச் சேமிப்பு) வீட்டுக் கடனோ அதைத் தொடாது. முகவருக்கு இது நன்றாகவே தெரியும், உங்களிடம் சொல்லத்தான் மறந்துவிடுவார். மெய்யப்பச் செட்டியார் சாலைப் பக்கம் சென்னட் எஸ்டேட் வரிசை வீடுகளைக் காட்டி ஆசை மூட்டினால் பார்த்து ரசியுங்கள், அது தனியார் நிலம், வேறு கணக்கு.

வீவக வீடு 99 ஆண்டுக் குத்தகைதான். அது தொடங்கிய ஆண்டையும் கேளுங்கள். அது 1984 என்றால் 2083-ல் முடியும். உங்கள் இருவரில் இளையவர் 1988-க்குப் பின் பிறந்தவராக இருந்தால், 95 வயதுவரை குத்தகை எட்டாது. சேமநிதியிலிருந்து எடுக்கக்கூடிய தொகை அதற்கேற்பக் குறையும்.

எல்லாம் சரியாக வந்தால், ஆப்ஷன் பணத்தை விற்பவரிடமே கொடுங்கள். வீவக வீட்டுக்கான பணத்தை முகவர் கையில் வாங்கவே கூடாது, “நான் கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன்” என்று சொன்னாலும்.