கழற்றக்கூடிய வீடு யாருக்கு?

அன்பின் ஐயாவுக்கு,

பிரெஞ்சு வடிவமைப்பாளர் ழான் புரூவே பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். பாகம் பாகமாக விமானத்தில் ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோய்ப் பூட்டிய அலுமினிய வீடு, வெயிலுக்கேற்பத் திருப்பும் தகடுகள் எல்லாம் சுவையாகத்தான் இருந்தன. ஆனால் 200 வருடங்களாக மூட்டை கட்டிய மலையகத் தோட்டச் சனம் நாங்கள். கழற்றி எடுத்துப்போகிற வீடு எங்களுக்கு எதற்கு? கழற்ற முடியாத வீடு எப்போது கிடைக்கும் என்பதல்லவா எங்கள் கேள்வி? அடுத்தது, நீங்கள் வெயிலைத் தடுப்பதைப் பற்றி எழுதுகிறீர்கள். தை மாத விடியலில் இரண்டு கம்பளிக்குள் நடுங்குகிறவர்களுக்கு அதில் என்ன இருக்கிறது?

ஓர் ஆசிரியை, டிக்கோயா

அன்பின் டீச்சர்,

உங்கள் முதல் சந்தேகத்துக்குப் புரூவேயின் கதையிலேயே சாட்சி இருக்கிறது. நீங்கள் சொன்ன அந்த அலுமினிய 'வெப்பமண்டல வீட்டில்' மொத்தம் மூன்றுதான் கட்டப்பட்டன: 1949இல் நியாமேயில் ஒன்று, 1951இல் பிராசவில்லில் இரண்டு. உள்ளூரில் கட்டுவதைவிட மலிவாகவும் வரவில்லை, வாங்குவார் யாரும் இல்லை. அரை நூற்றாண்டு கழித்துப் பழம்பொருள் வியாபாரிகள் அவற்றைக் கழற்றிப் பிரான்சுக்கு ஏற்றிப் போனார்கள். பிராசவில் வீடுகளில் ஒன்று 2007இல் நியூயோர்க் ஏலத்தில் ஏறத்தாழ 50 லட்சம் டொலருக்குப் போனது. கழற்றும்படி செய்திருந்ததால்தான் அவ்வளவு சுலபமாகக் கொண்டுபோக முடிந்தது. யாருடைய கையில் ஸ்பானர் இருக்கிறது என்று நீங்கள் கேட்பது நியாயம்தான்.

அதே புரூவே, இரும்புப் பட்டறையில் தொழில் பழகிய அந்த மனிதர், இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில் பிரான்சின் லொரைன் பகுதியில் வீடிழந்தவர்களுக்காக 6 மீற்றருக்கு 6 மீற்றர் வீடுகளைச் செய்தார். நடுவில் கவட்டைபோல் கால் விரித்து நிற்கும் ஓர் இரும்புச் சட்டம், அதன் தலையில் ஒரு நீள உத்தரம், சுற்றிலும் மரப் பலகைச் சுவர்கள். இரண்டு மூன்று பேர் ஒரே நாளில் நிமிர்த்திவிடுவார்கள். இடிந்த வீட்டுக்காரர் தம் சொந்த நிலத்தில், இடிபாட்டுக்குப் பக்கத்திலேயே தங்கி, பழைய வீட்டைத் திரும்பக் கட்டிக்கொள்வதற்கான ஏற்பாடு அது. நிலம் அவருடையதாக இருந்தது என்பதை அழுத்திச் சொல்கிறேன். 2014 ஒக்டோபர் 29 அன்று மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிந்து லயங்கள் (தொழிலாளர் வரிசை வீடுகள்) மண்ணுக்குள் போனபோது, பிழைத்தவர்களுக்கு அந்த மண்கூடச் சொந்தமில்லை. காணி உறுதி கையில் இல்லாதவரிடம் கழற்றக்கூடிய வீட்டை நீட்டுவது, "எப்போது வேண்டுமானாலும் கிளம்பு" என்று சொல்வதற்குச் சமம். சொந்தக் காணியும் அதற்கான உறுதியும் முதலில் வரட்டும். அத்திவாரமும் சுவரும் அசையாமல் நிற்கட்டும். இதில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை.

சண்டை கூரையில் தொடங்குகிறது. கூரை கழல வேண்டும். கண்டிக்குப் பக்கத்தில் எம்பெக்கே தேவாலயத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போனால், தூண்களின் செதுக்கு வேலையைக் காட்டிவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். கூரையின் ஒரு முனையில் 26 கைமரங்கள் வந்து கூடுமிடத்தை அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள். 'மடோல் குருபாவ' என்கிற ஒற்றை மர ஆப்பு அத்தனையையும் பிடித்து நிற்கிறது. இரும்பாணி அடித்த மரத்தில் ஈரம் ஏறினால் ஆணியைச் சுற்றித்தான் முதலில் உளுக்கும். ஆப்பு அப்படியல்ல, தட்டி எடுக்கலாம், புதிதாகச் செதுக்கிப் போடலாம்.

நம் தகரக் கூரையை என்ன செய்கிறோம்? குடைத்தலை ஆணியை ஓங்கி அடிக்கிறோம். காற்றில் தகரம் படபடக்கப் படபடக்க ஓட்டை அகலும். பிறகு கல்லும் டயரும் கூரை ஏறும். மாற்றப் போனால் ஆணியோடு தகரமும் கிழியும். அந்தத் தகரம் மறுபடி கூரைக்கு உதவாது, கோழிக்கூட்டுக்குத்தான். ஆணிக்குப் பதில் கொக்கிப் போல்ட் போட்டிருந்தால் நட்டைத் தளர்த்தித் தகரத்தை முழுதாக இறக்கலாம். துளை தகரத்தின் மேட்டில் விழ வேண்டும், பள்ளத்தில் போட்டால் தண்ணீர் அங்கேதான் ஓடும். இழையில் கொஞ்சம் கிரீஸ் தடவினால் பல வருடம் கழித்தும் நட் அசையும். இதைச் சொல்லிக்கொடுக்கப் புரூவே தேவையில்லை என்பீர்கள். ஆனாலும் பூட்டும்போதே கழற்றும் நாளை நினைத்தவர் அவர். நம் பாஸ்மார் (மேசன், தச்சு வேலைக்காரர்) பலர் கையில் சுத்தியல் இருக்கிறதே என்று அடிக்கிறார்கள்.

இனிக் குளிர். புரூவே இரட்டைக் கூரை போட்டு இடையில் காற்றை ஓடவிட்டதும், வராந்தாவைச் சுற்றித் தகடுகள் மாட்டியதும் வெயிலை விரட்ட. நமக்கு வேண்டியது வெயிலைப் பிடித்துவைப்பது. அதற்கான மேல்நாட்டுப் புத்தகங்கள் தெற்கில் பெரிய ஜன்னல் வை, மேலே இறவாணம் இறக்கு, கோடை வெயில் தடைபடும், குளிர்கால வெயில் நுழையும் என்கின்றன. டிக்கோயாவில் இது பலிக்காது. நாம் 7 பாகை வட அகலக்கோட்டில் இருக்கிறோம். மார்கழியில்கூட நண்பகல் சூரியன் 60 பாகை உயரத்தில் நிற்கும். தெற்குச் சுவரில் 4 அடி ஸ்தோப்பு (கூரை போட்ட வராந்தா) இருந்தால் அதன் நிழல் ஏறத்தாழ 7 அடிக்கு இறங்கும். ஜன்னல் முழுக்க நிழலுக்குள் போய்விடும். நமக்கு உதவுவது சாய்ந்து வருகிற காலை வெயில். தை, மாசியில் மலைநாட்டின் மேற்குச் சரிவுகளில் காலை பளிச்சென்று இருக்கும், பின்னேரம் முகில் கூடிவிடும். ஆகவே ஸ்தோப்பு இல்லாத கிழக்கு ஜன்னல், அதன் அடியில் கறுப்போ சிவப்போ பூசிய தடித்த சீமெந்துத் தரை. பதுளைப் பக்கம் அந்த மாதங்களில் வடகிழக்கு மழை. அங்கே கணக்கு வேறு. முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயனில் ஒரு வரிசைக்குக் கிழக்கே கிடையாது. அதற்கு ஜன்னலால் மருந்தில்லை, இடித்துத்தான் ஆக வேண்டும்.

பிடித்த சூட்டை இரவில் விடாமல் வைக்க ஜன்னலுக்கு உள்பக்கம் பலகைக் கதவு போதும். காலையில் திறந்து, பொழுது சாய்ந்ததும் மூட வேண்டும். அமெரிக்காவில் ஸ்டீவ் பேயர் என்பவர் இதற்கு மின்சாரமே இல்லாத ஒரு சூட்சுமம் செய்தார். பலகைகளில் இரண்டு உருளைகள், உள்ளே குளிர்பதன வாயுத் திரவம். வெயில் பட்டால் திரவம் மறுபக்கம் ஓடும், பாரம் மாறிப் பலகைகள் தாமாகத் திறக்கும். எல்லோரும் காலையில் பிரட்டுக்கு (தோட்ட வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போய்விடும் வீட்டுக்கு ஆசைகாட்டும் கருவிதான். வீட்டில் அப்பாயி இருந்தால் அது தேவைப்படாது.

ஆனால் காசு கொஞ்சம்தான் இருக்கிறதென்றால் ஜன்னலைத் தொடாதீர்கள், சீலிங் அடியுங்கள். தெளிந்த இரவில் தகரம் வானத்துக்குச் சூட்டைக் கொட்டிவிட்டு, விடியலில் அடியில் நீர் கோத்து உங்கள் கம்பளியில் சொட்டுகிறது. விறகடுப்பு அறைக்கு மட்டும் புகைபோக்கி வைக்காமல் சீலிங் போடக்கூடாது. குளிர் போய் இருமல் வரும். பலகைகளைச் சிலாகையில் ஆணியால் அடிக்காமல் திருகாணியால் பூட்டச் சொல்லுங்கள். எலி செத்தாலும் கூரை ஒழுகினாலும் ஒரு பலகையை மட்டும் இறக்கிப் பார்க்கலாம்.

கொக்கிப் போல்ட் கூரைச் சாமான் விற்கிற கடைகளில் கிடைக்கும். ரப்பர் வாஷரைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள், கேட்காவிட்டால் தகர வாஷரை மட்டும் பையில் போட்டு அனுப்பிவிடுவார்கள்.