கொட்டக் கொட்டக் குளவி ஆகுமா?

கேள்வி: டீச்சர், எங்கள் பம்புசெட் கொட்டாயில் ஓட்டுக்கு அடியில் மைனா கூடு கட்டியிருந்தது. மூன்று குஞ்சுகள் பறந்துவிட்டன. ஒன்று கூட்டிலேயே செத்து, தோலும் எலும்புமாகக் காய்ந்து கிடந்தது. கூட்டைப் பிரித்ததில், பருத்த நெல்மணி போல அரக்கு நிறத்தில் 11 ஈக் கூட்டுப்புழுக்கள் கிடைத்தன. பாட்டிலில் போட்டு வலைத்துணி கட்டி வைத்தேன். 12ஆம் நாள் பார்த்தால் ஒரு ஈயும் இல்லை! எறும்பைவிடச் சின்னதாக, கறுப்பாக, நூற்றுக்கும் மேற்பட்ட பூச்சிகள். சிலவற்றுக்கு இறக்கை குட்டை, பறக்கவே இல்லை. "குளவி கொட்டிக் கொட்டி ஈயையே குளவியாக்கிடுச்சு" என்கிறார் ஆயா. நைனா பட்டுப்புழு வளர்க்கிறார். மருந்து அடித்தே ஆக வேண்டும் என்கிறார். குஞ்சு செத்ததும் இவற்றால்தானா?

- பிளஸ் ஒன் மாணவி, குடியாத்தம் பக்கம்

பதில்: முதலில் நைனாவைத் தடுத்து நிறுத்து கண்ணு. கொட்டாயில் அடிக்கிற மருந்து காற்றில் போய் மல்பெரி இலையில் படிந்தால் சாகப்போவது அவருடைய புழுதான். உன் பாட்டிலில் வந்தவை குட்டிக் குளவிகள். இந்தக் குளவி பட்டுப்புழுவைத் தொடாது. இதற்கு வேண்டியது ஈயின் கூட்டுப்புழு மட்டுமே. நைனாவிடம், பட்டுப்புழுவைத் தின்று கொல்லும் ஊசி ஈயை நினைவுபடுத்து. 1980இல் வங்காளத்திலிருந்து கர்நாடகத்துக்கு வந்து சேர்ந்து, தெற்கே பட்டு வளர்ப்பவர்களை அழவைத்த ஈ அது. அதை அடக்க, புழு வளர்ப்பு மனைகளில் விடுகிறார்களே நெசோலின்க்ஸ் குளவி, அதுவும் இதே மாதிரி ஈக்கூட்டைத் தேடிப் போய் முட்டையிடுகிற சாதிதான்.

குஞ்சு செத்தது குளவியால் அல்ல. செத்த வாடைக்கு முதலில் வந்து சேர்வது பச்சை ஈ. அதன் புழுக்கள் தின்றுதான் குஞ்சு அப்படித் தோலும் எலும்புமானது. உயிருள்ள குஞ்சின் இரத்தத்தையே குடிக்கிற ஈப்புழுக்களும் உண்டு. வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் புரோட்டோகலிஃபோரா என்ற ஈயின் புழுக்கள் கூட்டுக் குப்பைக்குள் ஒளிந்திருந்து, அவ்வப்போது மேலே ஏறி வந்து குடித்துவிட்டு இறங்கும். அங்கே அந்த ஈயைத் தேடி வருகிற குளவிதான் நசோனியா. உலகெங்கும் பரவியுள்ள நசோனியா விட்ரிபென்னிஸ் என்ற இனம் இரண்டு வகை ஈயையும் விடாது. நீ எழுதிய அடையாளங்கள், முக்கியமாக அந்தக் குட்டை இறக்கை, அதற்கு அப்படியே பொருந்துகின்றன.

ஆயா சொல்வது எங்கள் பாட்டியும் சொன்னதுதான். நான் அதை மனதார நம்பினேன். ஆசிரியையாகச் சேர்ந்த முதல் வருடம், ஆட்டு ஈரலை மண்சட்டியில் வைத்து ஈப்புழு வளர்த்து, ஹார்லிக்ஸ் பாட்டிலில் கூட்டுப்புழுக்களைச் சேர்த்தேன். வெளியே வந்தவை குளவிகள். அன்று ஒரு கூட்டைப் பிளேடால் கீறிப் பார்த்தேன். உள்ளே ஈ பாதி உருவாகி வற்றிக் கிடந்தது. அதைச் சுற்றி வெள்ளையாக, ரவை போல, குளவியின் புழுக்கள். ஈ குளவியாக மாறவில்லை. ஈயைத் தின்று குளவி வளர்ந்தது. தாய்க்குளவி கெட்டியான ஓட்டைத் துளைத்து, உள்ளே இருப்பதைக் கொட்டி, ஓட்டுக்கும் அதற்கும் நடுவே இருக்கும் இடைவெளியில் முட்டைகளை வைக்கிறது. 25 டிகிரி வெப்பத்தில் ஏறக்குறைய 14 நாளில் குளவிகள் வெளிவரும். நம் வேலூர் வெயிலில் 12 நாள் என்பதில் எனக்கு வியப்பே இல்லை. உன் பாட்டிலில் இருக்கும் ஓடுகளைப் பார். ஈ வந்திருந்தால் ஒரு முனை மூடி போலத் திறந்திருக்கும். குளவி என்றால் பக்கவாட்டில் குண்டூசித் துளை.

குட்டை இறக்கைக்காரர்கள் ஆண்கள். முதலில் வெளியே வந்து, துளையருகே காத்து நிற்பார்கள். கூடப்பிறந்த பெண்கள் வர வர இணைசேர்வார்கள். பெண்கள் பறந்துபோய் அடுத்த ஈக்கூட்டைத் தேடும். ஆணுக்குப் பறக்கிற வேலையே இல்லை. கருவுறாத முட்டை ஆணாகும், கருவுற்றது பெண்ணாகும். எது வேண்டும் என்பது தாயின் கையில். இருக்கிற பெண்கள் எல்லோருக்கும் இரண்டு மூன்று மகன்களே போதும் என்பதால் அவள் ஆண்களைக் குறைவாகவே இடுகிறாள். இப்படிப்பட்ட பூச்சிகளின் இந்தக் கணக்கை 1967இல் விளக்கியவர் ஹாமில்டன் என்ற ஆங்கிலேய உயிரியலாளர். இரண்டாவது தாய்க்குளவி அதே ஈக்கூட்டுக்கு வந்தால் கணக்கு மாறும்: அவள் மகன்களைக் கூட்டி இடுவாள். கடுகளவு கூட இல்லாத பூச்சி இதைச் செய்கிறது என்பது இத்தனை வருடம் பாடம் நடத்தியும் எனக்குப் பழகவே இல்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். இந்தக் குளவி வருவது ஈப்புழு தின்று முடித்துக் கூடான பிறகு. ஆகவே இரத்தம் குடிக்கும் ஈ உள்ள ஊர்களிலும், இப்போது கூட்டில் இருக்கும் குஞ்சை இதனால் காப்பாற்ற முடியாது. அடுத்த தலைமுறை ஈயைக் குறைக்கும், அவ்வளவுதான். அந்த அளவே போதும், விட்டுவிடுங்கள் என்பேன்.

பாட்டிலை மைனா கூடு இருந்த இடத்திலேயே திறந்து வை. ஓட்டை விழாத கூடு ஏதாவது மிச்சம் இருந்தால் மட்டும் ஒவ்வொன்றையும் தனிச் சீசாவில் போட்டுப் பஞ்சால் அடை. எத்தனை குட்டை இறக்கை, எத்தனை நீள இறக்கை என்று எண்ணி எனக்கு எழுது.